கூம்பின் முதுகுப்பக்கம்

ஒலிபெருக்கிக் கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "அலமாரியில் வைப்பதற்கா, தரையில் நிறுத்துவதற்கா?" என்பதுதான். தச்சர் கேட்க வேண்டிய கேள்வி. விலைப்பட்டியலைப் புரட்டினாலும் இதே பிரிவினைதான்: அலமாரி வகை, தரை வகை, சுவரில் பதிக்கும் வகை, தொலைக்காட்சிக்குக் கீழே படுக்கப்போடும் வகை. எங்கே வைக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள்; எப்படிப் பாடும் என்று கேட்டால் விற்பனைப் பையன் விழிக்கிறான். லட்சக்கணக்கில் ரூபாய் கேட்கும் பொருளுக்கு இது போதாது.

சர்க்கரை ஆலை ஒன்றின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மொரீஷியஸ் தீவின் கியூர்பிப்பில் வீடு. காவடித் திருநாளன்று எங்கள் கோவில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது பல வருடங்களாக என் பொறுப்பு. அதனாலேயே சொந்தக்காரர்களில் யாருக்காவது நல்ல ஒலிபெருக்கி வாங்க ஆசை வந்தால் என்னைத்தான் பிடிப்பார்கள். இப்போது பிடித்திருப்பவன் காத்ர் போர்னில் இருக்கும் என் தங்கை மகன். "மாமா, நீங்கள் வாங்கியதையே நானும் வாங்கிவிடவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லத் தொடங்கி, பாதியில் அவனுக்கு அலுவலக அழைப்பு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். படித்துக்கொள்ளட்டும்.

வீடுகளில் நாம் கேட்கும் ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே முறையில் இயங்குகின்றன. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள்; சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இதைச் செம்மையாக வடிவமைத்துக் காட்டினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அடிப்படை மாறவில்லை. காகிதக் கூம்போடு பாலிப்ரொப்பிலீன் வந்து சேர்ந்தது, கெவ்லார் வந்தது, மேல் சுரங்களைப் பாடும் சிறிய டுவீட்டரில் பெரிலியமும் வைரமும்கூட ஏறிவிட்டன. சுருளும் காந்தமும் அப்படியே இருக்கின்றன.

ஆனால் கூம்புக்கு ஒரு முதுகும் உண்டு. முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் முதுகுப்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டு ஒலிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல் சுரங்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. அவை நேராக முன்னால் போய்விடும். தாழ்ந்த ஒலிகள் அப்படியல்ல. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நாற்பது அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர். ஒரு சாண் அகலமுள்ள கூம்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வர அதற்கு எந்தத் தடையும் கிடையாது. தாழ்ந்த ஒலிகளைப் பாடும் பெரிய கூம்புக்கு வூஃபர் என்று பெயர். பெட்டியிலிருந்து கழற்றிய வூஃபரைக் கையில் பிடித்துக்கொண்டு தவில் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வலந்தலையின் வெடிப்பு கேட்கும். இடப்பக்கத் தொப்பியின் முழக்கம் இருந்த இடம் தெரியாது.

முதுகிலிருந்து கிளம்பும் அந்த ஒலியை என்ன செய்வது? இன்றுவரை வந்திருக்கும் ஒலிபெருக்கி வகைகளில் முக்கால்வாசி, இந்த ஒரு கேள்விக்கு ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்த பதில்கள்தான். மருமகனுக்கு நான் சொன்ன முதல் யோசனையும் இதுதான்: கடைக்காரர் பெட்டியின் உயரத்தைக் காட்டினால், நீ பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்.

எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது ஒரு பதில். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் முதுகில் துளையிட்ட அட்டை ஒன்றுதான் இருந்தது. முன்பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் தாழ்ந்த ஒலி தப்பும். இன்று பெரும் விலைக்கு விற்கும் பெட்டியில்லாத ஒலிபெருக்கிகளும் இதே குடும்பம்தான். அகலமான பலகை, பெரிய வூஃபர்கள், பின்சுவரிலிருந்து நல்ல தூரம். தூரம் என்பது இங்கே சலுகையில்லாத நிபந்தனை. என் வீட்டில் அந்தத் தூரத்தில் சாமி அறையின் கதவு இருக்கிறது.

அடைத்துப் பூட்டிவிடுவது இன்னொரு பதில். 1954இல் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் என்ற இருவர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 இதற்கு முன்னோடி. அதுவரை ஆழமான பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வேண்டுமென்றால் பீரோ அளவில் பெட்டி வேண்டும். வில்ச்சர் கூம்பைத் தாங்கும் பிடிப்பை நன்றாகத் தளர்த்தினார். அந்தக் கூம்பைக் காற்றுப் புகாத சிறிய பெட்டியில் பொருத்தி, உள்ளே அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை வாங்கினார். உலோகத்தாலும் துணியாலும் செய்த எந்தப் பிடிப்பையும்விடக் காற்று ஒழுங்கான வில். அது தந்த பேஸ் அளவிலும் சுத்தத்திலும் அந்தக் காலத்தவரைத் திகைக்கவைத்தது. ஆனால் முதுகின் உழைப்பு முழுவதும் பெட்டிக்குள்ளேயே வீணாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதிகம் உழைக்க வேண்டும்.

மூன்றாவது பதில் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வது. பெட்டியில் ஒரு துளை போட்டு, அளவாக ஒரு குழாய் பொருத்துகிறார்கள். காலி ரம் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுகிறதல்லவா, அதே இயற்பியல். முதுகின் ஒலி அந்தக் குழாயில் திரும்பி, முன்பக்கத்து ஒலியோடு இசைந்து வெளியே வருகிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் குழாயின் நீள அகலத்தைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் தச்சுப் பட்டறை அனுமானம்தான் வழியாக இருந்தது. 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் கணக்கை வகுத்தார். 1970களில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்றும் வூஃபரின் விவரத்தாளில் வரும் எண்கள் அந்த இருவர் பெயரால்தான் வழங்குகின்றன. கடையில் நிற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் குழாய் வகைதான். அதே அளவுப் பெட்டியில் கூடுதல் பேஸ் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் வேண்டாம் என்றேன். காரணம் கேரல்.

1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கேரல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு சூறாவளிகளில் இந்தத் தீவின் மரவீடுகளும் தகரக்கூரைகளும் பறந்துபோயின. அதன் பிறகுதான் மொரீஷியஸ் கான்கிரீட்டுக்கு மாறியது. சுவர் கான்கிரீட், கூரை தட்டையான கான்கிரீட் தளம், தரையில் ஓடு. புயலுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. இசைக்கு இதைவிடக் கடினமான வீடும் கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி மோதும்போது அந்தப் பலகை சற்று அதிர்ந்து ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் எதையும் உறிஞ்சாது. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பும். திரைச்சீலையும் கம்பளமும் போட்டால் கைதட்டலின் எதிரொலி குறையும். பேஸ் அந்தத் துணிகளைச் சட்டை செய்யாது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை அறையின் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை விரும்பிப் பெருக்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். என் அறையின் நீளம் 5.3 மீட்டர். முதலாவது 32 ஹெர்ட்ஸ், அடுத்தது அதன் இரு மடங்கு, ஏறத்தாழ 65. இப்போது ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மத்தியஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். தம்பூராவின் நான்காவது தந்தியான மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 65. தம்பூராவில் அடிநாதம் மெலிந்துதான் இருக்கும், மேலே பிறக்கும் சுரங்கள்தான் அதன் அழகு. அப்படியிருந்தும் என் அறை அந்த ஒரு தந்தியை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்கியது. பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கச்சேரி முழுவதும் நான்காவது தந்திக்கு யாரோ தனியாக மைக் வைத்ததுபோல் இருக்கும். நாற்காலியைச் சுவரிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே நகர்த்தினேன், அதாவது அறை நீளத்தில் கால் பங்கு. இரண்டாவது அதிர்வு அந்த இடத்தில் அடங்கிப்போகும். தந்தி தன் அளவுக்குத் திரும்பியது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நடு வழியில் நாற்காலி கிடக்கிறது என்று வீட்டில் பேச்சு வாங்கியதைச் செலவில் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட அறையில் குழாய்ப் பெட்டி என்ன செய்யும்? அது தன் குழாயின் அதிர்வெண்வரை பேஸை நிமிர்த்திப் பிடித்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்ற கணக்கில் சட்டென்று விழும். அடைத்த பெட்டி முன்னதாகவே இறங்கத் தொடங்கும். ஆனால் 12 டெசிபெல் சரிவில் மெல்ல இறங்கும். கான்கிரீட் அறையோ தாழத் தாழத் தானே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். மெல்ல இறங்கும் பெட்டியும் மெல்ல ஏற்றும் அறையும் சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய சமன். ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கும் பேஸின்மேல் அறையும் கூட்டினால் ரவானா மேளம் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வால் முளைக்கும். ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி இறுக்கி அடிக்கிற வாத்தியம் அது; அடி விழுந்ததும் சட்டென்று நிற்க வேண்டும். பெட்டியைச் சோதிக்க விற்பனையாளர்கள் போடும் வழவழப்பான ஜாஸ் பதிவைவிட ரவானா ஒலிக்கும் எங்கள் தீவின் சேகா இசைப் பதிவு ஒன்று நேர்மையான சோதனை. பழகிய காதை ஏமாற்ற முடியாது.

மற்ற பதில்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதுகின் ஒலியை நீண்ட பாதையில் நடக்கவிட்டு, களைக்கவைத்து, மிச்சத்தை வெளியே விடுவது ஒரு முறை. 1965இல் இங்கிலாந்தின் ஆர்தர் பெய்லி இதைப் பிரபலமாக்கினார். 40 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளப் பாதை வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்கு மேல். அதை மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பிஎம்சி நிறுவனம் இந்த முறையை விடாமல் பிடித்திருக்கிறது. கேட்க அருமை. தச்சு வேலை அதிகம், விலையும் அப்படியே.

கூம்பையே தூக்கிப் போட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி ஆட்டுவது நிலைமின் வகை. பீட்டர் வாக்கரின் குவாட் இஎஸ்எல் 1957இல் வந்தது. லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு ஜோடி இருந்தது. மனிதக் குரலை அதற்கு மேல் இயல்பாக நான் கேட்டதில்லை. வீணையின் கமகத்தில் விரல் தந்தியை இழுப்பது தெரிந்தது. ஆனால் அது பெட்டியில்லாக் குடும்பம், ஆழ்ந்த பேஸ் குறைவு. தூசியும் ஈரமும் உயர் மின்னழுத்தத்துக்கு ஆகாது. கியூர்பிப்பிலோ மழைக்காலத்தில் அலமாரிக்குள் மடித்து வைத்த வேட்டியில் பூஞ்சணம் பூக்கிறது. வேறு ஊராக இருந்தால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன்.

கூம்பின் முன்னால் ஊதுகுழல் வைப்பது வேறு வகை. கோவில் கோபுரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியும், 1946 முதல் பால் கிளிப்ஷ் தயாரித்த மூலை ஒலிபெருக்கியும் தூரத்து உறவுக்காரர்கள். சிறிய அசைவைப் பெரிய காற்றோட்டமாக மாற்றித் தருவதால் மிகக் குறைந்த மின்சாரத்தில் மிக உரக்கப் பாடும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் கிளிப்ஷின் பெட்டி 105 டெசிபெல் அளவில் ஒலிக்கும். நான் வாங்கியது 85. இருபது டெசிபெல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு சக்தி. அது ஒரு வாட்டில் எட்டுகிற சத்தத்துக்கு என் பெட்டிக்கு நூறு வாட் வேண்டும். கடையில் யாரும் இதை முதலில் சொல்வதில்லை. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு ஆம்ப்ளிஃபயர் போதவில்லை என்று இன்னொரு பில் போடுவார்கள்.

இருவழி, மூவழி என்ற பிரிவும் உண்டு. ஒரே கூம்பால் எல்லாச் சுரங்களையும் ஒழுங்காகப் பாட முடியாது; வேலையை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கொடுக்க கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று வேண்டும். இருவழிப் பெட்டியில் அந்தப் பிரிவு பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் எல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. வூஃபரும் டுவீட்டரும் அங்கே ஒத்துப்போகவில்லையென்றால் நாதஸ்வரம் காட்டிக்கொடுத்துவிடும்: சீவாளியின் கூர்மை ஓரிடத்திலும் உடலின் கனம் வேறிடத்திலும் நிற்கும். இதைத் தவிர்க்க டுவீட்டரை வூஃபரின் நடுவிலேயே வைப்பதும் உண்டு. டனாய் 1947இல் செய்தது, கெஃப் 1988இல் தன் யூனி-க்யூவில் வேறு விதமாகச் செய்தது. மூவழி என்றால் இருவழியைவிட உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. மோசமான மூவழியில் சண்டை போடும் இடங்கள் இரண்டு, அவ்வளவுதான்.

விலையைப் பற்றி. ஒரு கட்டம்வரை கூடுதல் பணம் காதுக்குப் போகிறது: கனமான பெட்டி, நல்ல காந்தம், கவனமான கிராஸ்ஓவர். அதைத் தாண்டினால் பெரிய அறையை நிரப்பும் சத்தத்துக்கும் மிக ஆழ்ந்த பேஸுக்கும் போகிறது. அதையும் தாண்டினால் மெருகுக்கும் மரத்தகட்டுக்கும் போகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்து ஆட்களைக் கேட்கவைத்தார். பெயரும் விலையும் தெரியாதபோது மனிதர்களின் விருப்பம் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போனது: நேர் எதிரே உட்கார்ந்தால் சமமாகவும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் நிறம் மாறாமலும் ஒலிக்கிற பெட்டியையே விரும்பினார்கள். ஆகவே கடையில் கேட்கும்போது நடுவில் மட்டும் உட்காராதீர்கள். எழுந்து ஓரத்துக்குப் போய் நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நம் பருவத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. வூஃபரின் ஓர வளையம் ஸ்பாஞ்சா, ரப்பரா என்று பாருங்கள். ஸ்பாஞ்ச் ஈரக் காற்றில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஓடிவந்தால் நான் முதலில் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வது அந்த வளையத்தைத்தான்.

நான் கடைசியில் எடுத்தது ஏடிசி நிறுவனத்தின் எஸ்சிஎம்19. இருவழி, அடைத்த பெட்டி. ஸ்டுடியோக்காரர்களுக்குச் செய்து பழகிய இங்கிலாந்து நிறுவனம். பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை, தூக்கினால் இடுப்பு ஒடிகிறது. மகள் வழியாக வந்து சேர்ந்தது. பெட்டிகளை நிறுத்தும் இரும்புத் தாங்கிகளின் உள்ளே கனத்துக்கு மணல் நிரப்ப வேண்டும். கடல் மணலில் உப்பு இருக்கும், இரும்பைத் தின்றுவிடும். வீடு கட்டப் பயன்படுத்தும் கருங்கல் தூளை வெயிலில் காயவைத்து நிரப்பினேன். கியூர்பிப்பில் வெயிலுக்குக் காத்திருந்ததுதான் மொத்த வேலையிலும் நீண்ட பகுதி.

மருமகனுக்கு இது ஏன் வேண்டாம் என்று இப்போது புரிந்திருக்கும். அவன் கூடம் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவாகத் திறந்து வராந்தாவில் கலக்கிறது. பேஸ் அங்கே தங்குவதேயில்லை, நேராகத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சேகாவும் திரைப்பாட்டும் உரக்கப் போடுகிறவன். அவனுக்கு உயரமான, குழாய் உள்ள, 90 டெசிபெலுக்குக் குறையாத பெட்டிதான் சரி. குழாய் முன்பக்கம் இருந்தால் சுவரை ஒட்டி வைக்கவும் தோதாக இருக்கும். பிரெஞ்சுப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். ரப்பர் வளையம்தான் என்று படம் எடுத்து அனுப்பினான். ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் மிச்சமில்லையாம், என் பழைய அறுபது வாட் ஆம்ப்ளிஃபயரைக் கேட்கிறான். அந்தப் பெட்டிக்கு அது தாராளம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.